தறி வீட்டுக்குத் தெரபி வரட்டும்

செவிலிமேடு, காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில் பாலாற்றை ஒட்டிய பகுதி. லட்சுமி நரசிம்மர் கோயிலும், வரதராஜப் பெருமாளின் திருமஞ்சனத்துக்கு ராமாநுஜர் நாள்தோறும் நீர் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறும் இந்த ஊரின் பெருமைகள். நெடுநாள் தனிப் பேரூராட்சியாக இருந்து, 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021-ல் காஞ்சிபுரம் மாநகராட்சியானபோது இதுவும் மாநகரின் பகுதியாயிற்று. பட்டு நெசவு நடக்கும் இந்த ஊரில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்பதுதான். இந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் பதில்களில் அண்மைக்காலமாகச் 'சென்சரி ரூம்' என்ற பெயர் அடிக்கடி அடிபடுகிறது. வண்ண விளக்குகளும் குமிழி பொங்கும் கண்ணாடிக் குழாய்களும் மெத்தை விரித்த தரையும் கொண்ட அந்த அறைக்குள் பிள்ளை போய்வந்தால் மாற்றம் வரும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் வேரூன்றிவருகிறது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அந்த உண்மை செவிலிமேடு போன்ற ஊருக்கு எந்த வடிவில் வந்துசேர வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. புலன்வழிப் பயிற்சி பயனுள்ளதுதான். ஆனால் அதன் பயன் அறையிலும் கருவியிலும் இருப்பதைவிடக் குழந்தையோடு இருக்கும் மனிதரிடமும் அந்த வீட்டின் அன்றாடத்திலும்தான் அதிகம் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் குறைபாட்டைப் புரிந்துகொள்வோம். சிந்திப்பது, கற்பது, சிக்கலைத் தீர்ப்பது ஆகிய திறன்களும், உண்பது, உடுத்துவது, பேசுவது, பிறரோடு பழகுவது போன்ற அன்றாடத் திறன்களும் வயதுக்கேற்ற அளவில் வளராத நிலையையே அறிவுசார் குறைபாடு என்கிறோம். இது வளரும் பருவத்திலேயே வெளிப்படும். டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் காரணங்கள், பிரசவ நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு குறைந்துபோவது, தாய்க்கு அயோடின் சத்துக் குறைவு, குழந்தைக்கு வந்த மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் இத்தகையவர்களை சுமார் 15 லட்சம் பேர் என்று பதிவு செய்தது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஐம்புலன்களும் தரும் செய்தியை மூளை ஒழுங்குபடுத்திக்கொள்வதிலும் சிரமம் இருக்கும். பார்ப்பது, கேட்பது, முகர்வது, சுவைப்பது, தொடுவது ஆகியவற்றோடு இன்னும் இரண்டு உணர்வுகளும் நமக்கு உண்டு. உட்காதில் இருந்துகொண்டு உடலின் சமநிலையையும் அசைவையும் சொல்லும் உணர்வு ஒன்று. தசையிலும் மூட்டிலும் இருந்துகொண்டு கைகால் எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று சொல்லும் உணர்வு இன்னொன்று. இவற்றில் ஏதாவது ஒன்று அளவுக்கு மீறி உறைக்கும்போது குக்கர் விசில் சத்தத்துக்கே குழந்தை அலறுகிறது, தலை சீவ விடுவதில்லை, குழைந்த சோற்றைத் துப்பிவிடுகிறது. போதிய அளவு உறைக்காதபோது ஓயாமல் ஆடுகிறது, கையைக் கடித்துக்கொள்கிறது, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது. அக்கம்பக்கத்தார் இதைப் பிடிவாதம் என்றும் வளர்ப்புச் சரியில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். குழந்தையோ தன் உடம்புக்குத் தேவையானதைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தேடிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தேவையைப் புரிந்துகொண்டு உதவுவதற்கு இரண்டு மரபுகள் உருவாயின. ஒன்று, அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சி. 1972-ல் வெளியான அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளம் இட்டது. ஊஞ்சல், சாய்தளம், பந்து ஆகியவற்றின் மேல் குழந்தையே முயன்று ஏறி இறங்கி விளையாடும்போது மூளை புலன்செய்திகளை ஒன்றுசேர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. மற்றொன்று நெதர்லாந்தில், ஏடே நகரத்து ஹார்ட்டன்பெர்க் இல்லத்தில் 1970-களில் பிறந்தது. ஆட் வெர்ஹூல், யான் ஹுல்ஸெக்கே என்ற இரு பணியாளர்கள், கடுமையான குறைபாடுள்ளவர்களுக்காக ஒரு கூடாரம் அமைத்தார்கள். காகிதத் துண்டுகளைப் பறக்கவிடும் மின்விசிறி, தண்ணீரில் மை கலைவதைத் திரையில் காட்டும் விளக்கு, இசைக்கருவிகள், தொட்டுப்பார்க்கப் பலவகைப் பொருள்கள், வாசனைப் புட்டிகள், சுவையான தின்பண்டங்கள் ஆகியவைதான் அதில் இருந்தன. ஸ்னூஸெலென் என்று அவர்கள் பெயரிட்ட அந்த முறையிலிருந்துதான் இன்றைய சென்சரி அறைகள் வந்தன. பல லட்சம் ரூபாய் பெறும் கருவிகளோடு இன்று விற்கப்படும் அறையின் தொடக்கம், வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இருவர் போட்ட கூடாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். குழந்தையை எதற்கும் வற்புறுத்தாமல், அது எதை விரும்புகிறது என்று பொறுமையாகப் பார்த்து, அதன் போக்கில் கூடவே செல்வதுதான் அவர்களின் கண்டுபிடிப்பு. கருவிகள் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். ஸ்னூஸெலென் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜேம்ஸ் ஹாக் குழுவினர் 2001-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அறைக்குள் இருக்கும் நேரத்தில் அமைதி, மகிழ்ச்சி, கவனம் போன்ற நல்ல மாற்றங்கள் தெரிகின்றன, ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபின் அவை நிலைப்பதற்கான சான்று மிகக் குறைவு என்பது அந்த முடிவு. 2009-ல் லோட்டன், கோல்டு இருவரும் ஆய்வுகளின் புள்ளிவிவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சற்று நம்பிக்கையான படம் கிடைத்தது. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் தனித்தனியாக நடத்தும்போது பெரிய அளவில் பயன் தெரிகிறது, அது அன்றாட வாழ்க்கைக்கும் நீள்கிறது என்றார்கள். ஆனால் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர், ஆய்வு முறைகளும் பலவீனமானவை, ஆகையால் இதை நிறுவப்பட்ட சிகிச்சை என்று இப்போது உறுதிசெய்ய முடியாது என்று அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இதே தொனியில்தான் அமைந்தது. முழுமையான சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாகப் புலன்வழிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சான்று வரம்புக்குட்பட்டது என்பதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்றது. புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சியை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் சோதித்த இரு ஆய்வுகள் இரு திசையில் பேசுகின்றன. அமெரிக்காவில் 32 குழந்தைகளோடு நடத்தி 2014-ல் வெளியான ஆய்வு, வீட்டார் குறித்துக் கொடுத்த இலக்குகளில் முன்னேற்றம் கண்டது. பிரிட்டனில் 138 குழந்தைகளோடு நடத்தி 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதல் பயன் எதையும் காணவில்லை.

இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது எனக்கு ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. பயன் தென்பட்ட இடங்களிலெல்லாம் ஒரு குழந்தைக்கு ஒரு மனிதர் முழுக் கவனத்தோடு உடனிருந்திருக்கிறார், அல்லது அந்தக் குழந்தையின் வீட்டு வாழ்க்கையிலிருந்தே இலக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் கடுமையான குறைபாடுள்ள பெரியவர்களிடம் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் கூர்மையாகவே சோதித்துப் பார்த்தது. சென்சரி அறையில் கழித்த நேரத்தையும், அத்தகைய கருவிகள் இல்லாத வேறொரு இடத்தில் அதே அளவு மனிதக் கவனத்தோடு கழித்த நேரத்தையும் ஒப்பிட்டபோது, நடத்தையில் கருவி அறையால் கூடுதல் மாற்றம் எதுவும் வரவில்லை. கருவி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. கூட இருப்பவரின் கவனம்தான் முதல் மருந்து என்று கொள்ளலாம். வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் அறைக்குள் அமைதியாக இருந்த குழந்தை, வீட்டுக்கு வந்ததும் பழையபடி தலையை மோதிக்கொள்கிறது என்றால், பயிற்சி அளித்தவர் ஒருவர், நாள் முழுக்கக் கூட இருப்பவர் வேறொருவர் என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். மருந்தை மருத்துவமனையிலேயே வைத்துவிட்டு நோயாளியை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது.

அப்படியானால் செவிலிமேட்டுத் தறி வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பட்டுநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். பசை நீக்காத கச்சாப் பட்டு, கையில் மொடமொடவென்று இருக்கும். சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை எடுத்த அதே நூல், வழுக்கிக்கொண்டு ஓடும் மென்மைக்கு வந்துவிடும். கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்திய பாவு நூல் இன்னொரு விறைப்பு. ஜரிகை குளிர்ச்சியாகவும் சற்றே சுரசுரப்பாகவும் விரலில் படும். இந்த நான்கும் விரலுக்கு நான்கு பாடங்கள். மென்மையைத் தாங்கி, சுரசுரப்பை வெறுக்கும் குழந்தையிடம் முதலில் மென்மையான நூல் சிட்டத்தைக் கொடுத்து, பழகியபின் அடுத்ததை அருகில் வைத்து, அதுவாகத் தொடும்வரை காத்திருப்பது, எந்தத் தெரபி மையத்திலும் செய்யும் தொடுபயிற்சிதான். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் ராட்டையின் சீரான ஓசை, தறியின் தாளம், மிதிப்பலகையின் அதிர்வு ஆகியவை காதுக்கும் உடலுக்கும் கிடைப்பவை. தூளியும் ஊஞ்சலும் உட்காதின் சமநிலை உணர்வுக்கு. எண்ணெய் தேய்த்து அழுத்திவிடும் கை, தசைக்கும் மூட்டுக்கும். மல்லிகை, விபூதி, துளசி, கோயில் மணி, மேளம் என்று தெருவே புலன்களுக்கு விருந்து வைக்கும் ஊர் இது. பொருள் இல்லாத வீடு இங்கே அரிது. எதை, எப்போது, எவ்வளவு, எந்த நோக்கத்துக்காக என்று சொல்லித்தரும் ஆள்தான் இல்லை.

அந்த ஆள் வந்தால் என்ன மாறும் என்பதை வாராந்திர எண்ணெய்க் குளியலை வைத்து விளக்கலாம். குளிக்க வைப்பதே போராட்டமாக இருக்கும் ஒரு குழந்தைக்குத் தெரபிஸ்ட் வகுத்துத் தரும் முறை ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டி, முகர வைத்து, குளியல் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். இலேசாகத் தடவினால் சில குழந்தைகளுக்குக் கூசும், எரிச்சல் வரும். ஆகையால் தோளிலிருந்து மணிக்கட்டுவரை உள்ளங்கையால் அழுத்தமாக, ஒரே வேகத்தில் தேய்க்க வேண்டும். "இது கை, இது முட்டி" என்று சொல்லிக்கொண்டே தேய்க்க வேண்டும். இடையில் நிறுத்தி, குழந்தை கையை நீட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, ஒலி எழுப்புகிறதா என்று பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். நீட்டினால் அதையே "இன்னும் வேண்டும்" என்ற பேச்சாக எடுத்துக்கொண்டு தொடர வேண்டும். முகத்தைத் திருப்பினால் "போதும்" என்று எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். துவட்டும்போது சுரசுரப்பான துண்டையும் பழகிய பழைய வேட்டியையும் காட்டி, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விட வேண்டும். தொடு உணர்வு, உடலறிவு, மொழி, தெரிவு செய்யும் உரிமை ஆகிய நான்கும் ஒரே குளியலில் நடந்துவிடுகின்றன. எப்படியும் குளிக்க வைத்துத்தானே ஆகவேண்டும் என்பதால் இதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. வாரம் தவறாமல் நடப்பதால் குழந்தை அதை எதிர்பார்க்கவும் கற்றுக்கொள்கிறது.

குடும்பத்தைப் பயிற்றுவித்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவருவது. அங்கே அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரு பிரிவாக்கி, 10 வாரம் நடத்திய ஆய்வு 1999-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. குழுவாக உட்கார்ந்து கேட்டும் பேசியும் கற்ற பெற்றோரிடம், குழந்தையை வளர்க்கும் முறையிலும் குறைபாடு பற்றிய அறிவிலும் அதைக் கையாளும் மனப்பாங்கிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. குறைபாடு என்பதன் மீதே இருந்த மனப்பாங்கில் மட்டும் மாற்றம் வரவில்லை. பத்து வாரத்தில் திறமை வந்துவிடுகிறது, ஊர்ப்பேச்சு ஏற்றிவைத்த மனச்சுமை அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை என்பதை இந்த முடிவிலிருந்து நாம் கற்க வேண்டும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்து 2016-ல் வெளியான ஆய்வும் முக்கியமானது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து பழகுவது கூடியது, குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. ஆனாலும் நிபுணர் பற்றாக்குறை உள்ள நாட்டில் குடும்பத்தின் வழியாகவே பயிற்சியைக் கொண்டுசெல்ல முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

தமிழ்நாட்டில் இதை நடைமுறையிலேயே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை தியாகராய நகரில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சியில் தாயையே முதல் ஆசிரியராக ஆக்கியது. குழந்தை இன்று எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி எது என்பதை அசைவு, சுயபராமரிப்பு, மொழி, அறிவு, பழக்கம் எனத் துறைவாரியாகக் குறித்துவைத்துப் பெற்றோருக்குக் கற்றுத்தருவது அதன் முறை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், வீடு தேடியே சென்றது. கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமைப்பு அது. அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அங்கே கிராமத்துப் பெண்களே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். தொலைவில் இருக்கும் தெரபிஸ்டுகள் அந்தப் பதிவைப் பார்த்து வழி சொல்கிறார்கள். நிபுணர் ஒருவர், களப்பணியாளர் பலர், வீடுதோறும் பெற்றோர் என்ற இந்த அடுக்குமுறை செவிலிமேட்டுக்கு அப்படியே பொருந்தக்கூடியது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தெரபி என்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது, வீட்டார் கையில் கொடுத்தால் விபரீதமாகும் என்பது முதல் மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கிறது. மின்னி மின்னி அணையும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பின் பிணைப்பு தளர்வாக இருக்கும், அவர்களைத் தலைகீழாகத் தொங்கவிடுவதோ வேகமாகக் குலுக்குவதோ கூடாது. தறி வீட்டுக்கென்றே உள்ள ஆபத்துகளும் உண்டு. நூல் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும், தார்க்குச்சியை வாயில் போட்டுக்கொள்ளும், சாயப்பொடி எட்டும் இடத்தில் இருக்கும். ஓசை தாங்காத குழந்தைக்கு ஜக்கார்டு தறியின் சத்தமே வதையாகிவிடும். அதனால்தான் தெரபிஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறேன். மையத்து அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஆபத்துகளில் எதுவும் கண்ணில் படாது. வீட்டுக்குள் நின்று பார்ப்பவர்தான், எந்த மூலையில் பாய் விரிக்கலாம், தறி ஓடாத எந்த நேரம் இந்தக் குழந்தைக்கு உகந்தது, எதைப் பரண்மேல் வைக்க வேண்டும் என்று சொல்ல முடியும். முழு மதிப்பீடு செய்வதற்கும் கடினமான பயிற்சிகளுக்கும் மையம் வேண்டும். பழக்கமாக்குவதற்கு வீடு வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஏற்கெனவே சமையல், தார் சுற்றல், பிள்ளை பராமரிப்பு என்று ஓய்வில்லாமல் உழைக்கும் தாயின் தலையில் தெரபியையும் கட்டுவதா? பிள்ளை முன்னேறாவிட்டால் பழியும் அவள்மேல்தானே விழும்? இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. வீட்டுப் பயிற்சித் திட்டங்கள் தோற்பதற்கு இது ஒரு காரணமாகிவிடலாம். ஆகவே இரண்டு கட்டுப்பாடுகள் வேண்டும். புதிய வேலை எதையும் சேர்க்காமல், நடந்துகொண்டிருக்கும் குளியல், சாப்பாடு, உடுத்தல், உறக்கம் ஆகியவற்றுக்குள்ளேயே பயிற்சி அடங்க வேண்டும், ஒருநேரத்தில் ஓர் இலக்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ஒன்று. பயிற்சி பெறுபவர் பட்டியலில் தந்தை, தாத்தா, பாட்டி, அக்கா, அண்ணன் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நெசவு வீட்டில் தந்தை பெரும்பாலும் வீட்டிலேயே வேலை செய்பவர். நகரத்து அலுவலகக் குடும்பத்துக்குக் கிடைக்காத இந்த வசதியைத் திட்டம் போடுபவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். தாய்க்கு வாரத்தில் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும்படி பகல்நேரப் பராமரிப்பு மையம் இயங்குவதும் தெரபியின் ஒரு பகுதியே. களைத்துப்போன தாயால் பத்து எண்ணும்வரை காத்திருக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு காஞ்சிபுரத்துக்கே உரியது. தறியையும் குழந்தையையும் சேர்த்துப் பேசும்போது பழைய காயம் நினைவுக்கு வரும். கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குக் கரைநாடா போட இரண்டாவது ஆள் வேண்டும் என்பதால் சிறுவர் சிறுமியரைத் தறியில் உட்கார வைத்த காலம் இங்கே இருந்தது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பல ஆண்டுப் போராட்டத்தால் மீட்ட பிள்ளைகளைத் தெரபி என்ற பெயரில் மீண்டும் தறியருகே கொண்டுபோகக் கூடாது என்று கேட்பவர்களின் எச்சரிக்கையை நான் முழுமனதாக ஏற்கிறேன். எல்லை மிகத் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தை நூலைத் தொடுவது அதன் விருப்பத்துக்காகவும் வளர்ச்சிக்காகவும் மட்டுமே. அது செய்வது விற்கப்போகும் சேலையில் ஓர் இழையாகக்கூடச் சேரக் கூடாது. முகத்தைத் திருப்பிய கணமே நிறுத்த வேண்டும். பேச முடியாத குழந்தை மறுப்புச் சொல்லும் வழியை வீட்டார் அறிந்திருப்பதே அதற்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு. அந்த அறிவைத் தருவதும் இதே பயிற்சிதான்.

சான்று இவ்வளவு தயக்கத்தோடு இருக்கும்போது அரசுப் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. சான்று பலவீனமாக இருப்பது, தனி அறையால் குறைபாடு குறையும் என்ற வாக்குறுதிக்குத்தான். அறிவுசார் குறைபாட்டை நீக்கும் தெரபி உலகில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குபவர்களிடமிருந்து பெற்றோர் விலகியிருக்க வேண்டும். ஆனால் குழந்தையின் வேதனை குறைவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது குறைவது, தானே ஒரு வாய் சாப்பிடுவது, வேண்டும் வேண்டாம் என்று தெரிவிப்பது ஆகியவை சிறிய இலக்குகள் அல்ல. எழுதிவைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து, பலனில்லாவிட்டால் மாற்றிக்கொள்ளும் திட்டத்துக்குச் செலவு குறைவு. ஒரு சென்சரி அறைக்கு ஆகும் தொகை, களப்பணியாளர்கள் ஓர் ஊருக்குள் வீடுவீடாகச் செல்ல நெடுநாள் உதவும். எங்கு பணம் போட்டால் அதிகக் குழந்தைகளுக்கு எட்டும் என்று பார்ப்பதுதான் சான்றை மதிக்கும் வழி.

அரசிடம் இதற்கான உறுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, மறுவாழ்வுச் சேவையை அரசின் கடமையாக்கியது. பிறப்பு முதல் 18 வயதுவரையான குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்தன. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் உள்ளனர். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உருவாகிவருகின்றன. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கென்றே அமைந்தது. அது இருக்கும் இடம் 2019-ல் மாவட்டம் பிரியும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் தறியை நிறுத்திவிட்டு, நாள்கூலியை இழந்து, பேருந்து மாறி மாறி, ஓசை தாங்காத குழந்தையை அவ்வளவு தூரம் வாராவாரம் கூட்டிப்போக ஒரு நெசவாளரால் முடியாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு வாசல்வரை வர முடிந்த சேவை, அடுத்த அறையில் இருக்கும் குழந்தைக்கும் வர வேண்டும் என்று கேட்பதில் மிகையேதும் இல்லை. மாதம் இருமுறை ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு தெரபிஸ்ட் என்ற ஏற்பாட்டைக் காஞ்சிபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதியில் முதலில் தொடங்கலாம். அதற்குச் செவிலிமேடு பொருத்தமான இடம்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை தருகிறது, தெரபிச் செலவும் ஓரளவு அதில் அடங்கும். தெரபி மையத்துக்குப் போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் பிள்ளைக்கு இந்த மூன்று மாதத்தில் இலக்கு என்ன? அது நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நான் வீட்டில் எப்படிச் செய்வது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாத மையம், எவ்வளவு அழகான அறை வைத்திருந்தாலும் உங்கள் பிள்ளைக்குப் பாதி உதவியைத்தான் தருகிறது. உள்ளே நடப்பதைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள். பிள்ளைக்கு வேண்டியதைக் கற்றுக்கொள்ளவும், அதைக் கற்றுத்தர ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்படி அரசைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தனித்தனியாக நின்று கேட்பதைவிட, உங்கள் தெருவில் இதே நிலையில் உள்ள நான்கு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.